அடித்து எழுதலாம், அழித்து எழுத முடியாது: ஃபிளாஷ் நினைவகத்துக்கான தரவுத்தள வடிவமைப்பு

கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. கூடலூரும் பந்தலூரும் ஜூலையில் நனைந்து முடிந்த பிறகு, அக்டோபர் கடைசியில் இந்தச் சரிவுகளில் மழை பிடிக்கும். சாலையோரத்துச் சீகை மரமோ கற்பூர மரமோ கம்பியின் மேல் சாய்ந்துவிட்டால் மின்சாரம் ஒரே நாளில் நாலைந்து முறை போய்வரும். அப்படியொரு நவம்பர் மாலையில், சிறு விவசாயிகள் பச்சைத் தேயிலை கொண்டுவந்து எடை போடும் கொள்முதல் கொட்டகை ஒன்றில், நான் எழுதிக் கொடுத்திருந்த எடைக்கணக்கு மென்பொருள் நின்றுபோனது. மின்சாரம் திரும்பிய பிறகும் கருவி எழவில்லை. உள்ளங்கை அளவுப் பலகைக் கணினியில் செருகியிருந்த 8 ஜிகாபைட் மெமரி கார்டைக் கழற்றி என் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன். படிக்க முடிந்தது, எழுத விடவில்லை. அது ஐந்து மாதத்துக்கு முன்புதான் புதிதாக வாங்கிப் போட்ட கார்டு.

"தம்பி, நேத்து போட்ட இலை கணக்குல இல்லையே" என்று ஓர் அம்மா வந்து நின்றார். கணக்கர் ஒன்றும் சொல்லாமல் இழுப்பறையிலிருந்து தடித்த கணக்கு நோட்டை எடுத்து, முந்தைய நாள் பக்கத்தை விரித்தார். முதலில் 25.3 என்று தவறாக எழுதியிருந்ததன் மேல் ஒற்றைக் கோடு. பக்கத்தில் அவருடைய சுருக்கொப்பம். அடுத்த வரியில் 23.5 கிலோ, ஈரத்துக்குக் கழிவு 2 கிலோ, நிகரம் 21.5. தவறிய எண்ணும் கோட்டுக்கு அடியில் தெளிவாகத் தெரிந்தது. கணக்கு நோட்டில் அடித்து எழுதலாம், அழித்து எழுதக் கூடாது என்பது அவர் படித்த பாடம். நான் வைத்த தரவுத்தளம் அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை. கார்டு செத்ததற்குக் காரணம் அதுதான் என்பதை உறுதி செய்துகொள்ள எனக்குச் சில வாரங்கள் பிடித்தன. அந்த வாரங்களில் கற்றதையும், அதற்கு முன்பே பலர் கண்டறிந்து வைத்திருந்ததையும் இங்கே விளக்க முயல்கிறேன்.

மெமரி கார்டு, பென் டிரைவ், கைபேசியின் உள் சேமிப்பு, கணினியில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வரும் எஸ்எஸ்டி எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது ஒரே பொருள்: நாண்டு வகை ஃபிளாஷ் நினைவகம். தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1984-இல் ஃபிளாஷ் நினைவகத்தையும், 1987-இல் அதன் நாண்டு வடிவத்தையும் அறிவித்தார். ஒரு பகுதி முழுவதையும் ஒரே வீச்சில் அழிப்பது கேமராவின் ஃபிளாஷ் மின்னுவதை நினைவூட்டியதால் இந்தப் பெயர் வந்தது. பெயரிலேயே அதன் இயல்பு இருக்கிறது. ஒவ்வொரு நினைவுச் செல்லும் ஒரு டிரான்சிஸ்டர். அதற்குள் நான்கு பக்கமும் மின்கடத்தாப் படலத்தால் சூழப்பட்ட ஒரு சிறு சிறை இருக்கிறது. உயர் மின்னழுத்தம் கொடுத்து அதற்குள் எலக்ட்ரான்களைத் தள்ளினால் அவை மின்சாரம் போன பிறகும் அங்கேயே கிடக்கும். வெறுமையாக இருந்தால் 1, அடைபட்டிருந்தால் 0. எலக்ட்ரான்களை உள்ளே தள்ளுவதைப் பக்கம் பக்கமாகச் செய்யலாம்; ஒரு பக்கம் என்பது இன்று பொதுவாக 4 முதல் 16 கிலோபைட். வெளியே எடுப்பதோ பிளாக் பிளாக்காக மட்டுமே முடியும். ஒரு பிளாக்கில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கும்.

ஆக, எழுதிய பக்கத்தின் மேல் இன்னொரு முறை எழுத முடியாது. அதைப் புதுப்பிக்க வேண்டுமானால், அதைச் சுற்றியுள்ள சில மெகாபைட்டுகளையும் சேர்த்து முதலில் துடைத்தாக வேண்டும். இதில் ஆகும் நேரமும் சமமாக இல்லை: ஒரு பக்கத்தைப் படிக்கச் சில பத்து மைக்ரோ வினாடிகள் போதும், எழுத நூற்றுக்கணக்கான மைக்ரோ வினாடிகள் ஆகும், ஒரு பிளாக்கை அழிக்கச் சில மில்லி வினாடிகள் பிடிக்கும். அதைவிட முக்கியமானது ஆயுள். ஒவ்வொரு முறை எலக்ட்ரான்கள் அந்தப் படலத்தைத் துளைத்துப் போய்வரும்போதும் படலம் கொஞ்சம் சேதமாகிறது. ஒரு செல்லில் ஒரு பிட் மட்டும் வைத்த பழைய வகை ஏறக்குறைய 1,00,000 முறை அழிப்பதைத் தாங்கியது. இரண்டு பிட் வைத்தபோது அது 3,000 முதல் 10,000 வரை இறங்கியது. மூன்று பிட் வைக்கும் வகையில் ஆயிரத்திலிருந்து மூவாயிரம். நான்கு பிட் வகையில் ஆயிரத்தை ஒட்டியும் அதற்குக் கீழேயும். விலை இறங்க இறங்க ஆயுளும் இறங்கியிருக்கிறது.

இப்போது தரவுத்தளங்களின் பக்கம் வருவோம். இன்று நாம் பயன்படுத்தும் பெரும்பாலான தரவுத்தளங்களின் உள்ளமைப்பு ஹார்டு டிஸ்க் காலத்தில் உருவானது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி எடுத்துக்கொள்ளும். படிக்கும் முனை சரியான தடத்துக்கு நகர அதே அளவு நேரம் ஆகும். ஆகவே அங்குமிங்கும் சிதறிய இடங்களிலிருந்து படித்தால் நொடிக்கு நூறு முறை படிப்பதே பெரிய காரியம். அந்த ஒரே செலவைக் குறைக்கத்தான் அந்தக் காலத்து வடிவமைப்பாளர்கள் தங்கள் முழு அறிவையும் செலவிட்டார்கள். போயிங் நிறுவனத்தில் பணியாற்றியபோது ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் வகுத்து 1972-இல் வெளியிட்ட பி-மரம் என்ற தேடல் அமைப்பு அந்த அறிவின் சிறந்த விளைச்சல்: கோடிக்கணக்கான பதிவுகளில் ஒன்றை மூன்று நான்கு பக்கங்களைப் புரட்டியே கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடித்த பக்கத்தில் மாற்றம் செய்து அதே இடத்தில் திரும்ப எழுதிவிடுவது அதன் வழக்கம். தட்டில் அதற்குத் தனிச் செலவு கிடையாது. காந்தப் பரப்பு எத்தனை முறை எழுதினாலும் தேய்வதில்லை.

தட்டுக்கும் ஃபிளாஷுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை மறைக்க, ஒவ்வொரு கார்டுக்குள்ளும் எஸ்எஸ்டிக்குள்ளும் ஒரு கட்டுப்பாட்டுச் சில்லு வேலை செய்கிறது. 'ஐந்தாம் எண் பக்கத்தில் எழுது' என்று கணினி சொன்னால், அது வேறெங்கோ காலியாக உள்ள பக்கத்தில் எழுதிவிட்டு, 'ஐந்தாம் எண் இப்போது இங்கே இருக்கிறது' என்று தன் முகவரிப் பட்டியலில் குறித்துக்கொள்கிறது. பழைய பக்கம் செல்லாக்காசாகிறது. காலிப் பக்கங்கள் குறையும்போது ஏதாவதொரு பிளாக்கைத் தேர்ந்தெடுத்து, அதில் இன்னும் செல்லுபடியாகும் பக்கங்களை வேறிடத்துக்குப் பெயர்த்துவிட்டு, மொத்தத்தையும் துடைக்கிறது. இதைக் குப்பை சேகரிப்பு என்கிறார்கள். ஒரே பிளாக் தேய்ந்துவிடாதபடி வேலையை எல்லாப் பிளாக்குகளுக்கும் பகிர்ந்து கொடுப்பதும், கெட்டுப்போன பிளாக்குகளை ஒதுக்கிவைப்பதும் அதே சில்லின் பொறுப்பு.

பெயர்த்து எழுதும் இந்த வேலைதான் விலை கேட்கிறது. துடைக்கத் தேர்ந்த பிளாக்கில் நான்கில் மூன்று பங்கு பக்கங்கள் இன்னும் தேவைப்படுபவை என்று வைத்துக்கொள்வோம். காலி செய்து கிடைக்கும் கால் பங்கு இடத்துக்காக முக்கால் பங்கை மறுபடி எழுத வேண்டும். அதாவது கணினி ஒன்று எழுதச் சொன்னால் சில்லு நான்கு எழுதுகிறது. பத்தில் ஒன்பது பங்கு தேவைப்படுபவையானால் பத்து மடங்கு. இதற்கு எழுத்துப் பெருக்கம் என்று பெயர் வைக்கலாம். எஸ்எஸ்டியை விளிம்பு வரை நிரப்பக் கூடாது என்பதற்கும், தயாரிப்பாளர்கள் கொள்ளளவில் ஒரு பகுதியை வெளியே காட்டாமல் வைத்துக்கொள்வதற்கும், நீக்கப்பட்ட கோப்பின் இடங்களை இயங்குதளம் 'டிரிம்' கட்டளை மூலம் சாதனத்துக்குச் சொல்வதற்கும் காரணம் இந்தக் கணக்குதான்.

எங்கள் கொட்டகைக் கருவியின் கதையை இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தேன். தராசு இரண்டு வினாடிக்கு ஒரு முறை எடையை அனுப்பும். மூட்டை இல்லாதபோதும் அனுப்பும். நான் அது ஒவ்வொன்றையும் தரவுத்தளத்தில் சேமித்து, 'கடைசி எடை' என்ற ஒற்றை வரியையும் புதுப்பித்துக்கொண்டிருந்தேன். நாளுக்குப் பத்து மணி நேரம் என்றால் 18,000 பரிவர்த்தனைகள். ஒவ்வொன்றிலும் உண்மையான தகவல் 20 பைட். நாள் முழுவதற்கும் 360 கிலோபைட்தான். ஆனால் எஸ்கியூலைட் தரவுத்தளம் தன் இயல்பான முறையில் ஒரு வரியை மாற்ற வேண்டுமானால், மாறப்போகும் பக்கங்களின் பழைய உருவை முதலில் ஒரு தனிக் குறிப்பேட்டுக் கோப்பில் நகலெடுக்கும், பிறகு புதிய உருவை உரிய இடத்தில் எழுதும், பிறகு குறிப்பேட்டை நீக்கும். கோப்பை உருவாக்கியதையும் நீக்கியதையும் இயங்குதளத்தின் கோப்பு முறைமை தன் பங்குக்கு எழுதிக்கொள்ளும். குறைத்து மதிப்பிட்டாலும் 4 கிலோபைட் பக்கங்கள் எட்டு. இருபது பைட்டுக்காக 32 கிலோபைட். நாளுக்கு ஏறக்குறைய 590 மெகாபைட்.

அதற்குப் பிறகு கார்டின் முறை. விலை குறைந்த கார்டுகளின் சில்லுக்கு நினைவிடம் மிகக் குறைவு. ஆகவே அது பக்கவாரியாகப் பட்டியல் வைக்காமல் சில மெகாபைட் அளவுள்ள பெரிய துண்டுகளாகவே பட்டியல் வைக்கிறது. கேமரா எடுக்கும் படத்தை வரிசையாக எழுதுவதற்கு அது போதும். அங்கொன்றும் இங்கொன்றுமாக 4 கிலோபைட் எழுதச் சொன்னால், அந்தச் சிறு மாற்றத்துக்காக ஒரு முழுத் துண்டையே இடம் பெயர்க்க நேரிடும். 4 மெகாபைட் துண்டானால் மோசமான நிலையில் ஆயிரம் மடங்கு. நூறு மடங்கு என்று குறைத்தே வைத்தாலும் நாளுக்கு 59 ஜிகாபைட். 8 ஜிகாபைட் கார்டு ஆயிரம் முறை தாங்கும் என்றால் மொத்தம் 8,000 ஜிகாபைட் எழுதலாம். வகுத்தால் 135 நாள் வருகிறது. இது மதிப்பீடுதான், என்றாலும் எங்கள் கார்டு ஐந்தாம் மாதத்தில் போனதை விளக்க இதற்கு மேல் வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

இந்தப் பெருக்கத்தைத் தரவுத்தளமே தவிர்க்க முடியுமா என்ற கேள்விக்கு விடை, வியப்பூட்டும் வகையில், ஹார்டு டிஸ்க் காலத்திலேயே இருந்தது. மெண்டல் ரோசன்ப்ளமும் ஜான் ஆஸ்டர்ஹவுட்டும் 1991-இல் ஒரு கோப்பு முறைமையை முன்வைத்தார்கள்: எதையும் இருந்த இடத்தில் மாற்றாமல், எல்லா மாற்றங்களையும் ஒரே நீண்ட குறிப்பேட்டின் கடைசியில் எழுதிக்கொண்டே போவது. 1996-இல் பேட்ரிக் ஓ'நீலும் மூன்று சக ஆய்வாளர்களும் அதே எண்ணத்தைத் தரவுத்தளத்தில் தேட உதவும் இன்டெக்ஸுக்குக் கொண்டுவந்து எல்எஸ்எம் மரம் என்ற அமைப்பை வகுத்தார்கள். கணக்குப் படித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நடப்புகள் முதலில் நடந்த வரிசையில் குறிப்பேட்டில் ஏறுகின்றன. அவரவர் பெயரில் பிரித்து அடுக்கும் பேரேட்டு வேலை பிறகு மொத்தமாக நடக்கிறது. எல்எஸ்எம் மரத்தில் புதிய பதிவுகள் நினைவகத்தில் வரிசைப்படுத்தி வைக்கப்பட்டு, போதுமான அளவு சேர்ந்ததும் ஒரே கோப்பாக ஒரே மூச்சில் எழுதப்படுகின்றன. எழுதிய கோப்பு பிறகு மாற்றப்படுவதே இல்லை. ஒரு பதிவை நீக்கினால்கூட, 'இது நீக்கப்பட்டது' என்ற குறிப்பு புதிதாகச் சேர்க்கப்படுகிறது; இதை ஆங்கிலத்தில் கல்லறைக்கல் என்று அழைக்கிறார்கள், நாம் நடுகல் என்றே சொல்லலாம். கோப்புகள் பெருகும்போது சிலவற்றை ஒன்றாக்கிப் புதிய கோப்பை எழுதிவிட்டு, பழையவை முழுதாக நீக்கப்படுகின்றன.

கடைசியில் சொன்ன 'முழுதாக' என்ற சொல்லில்தான் ஃபிளாஷுக்கு ஆதாயம் இருக்கிறது. ஒரு பெரிய கோப்பு ஒரே நேரத்தில் எழுதப்பட்டு ஒரே நேரத்தில் செத்தால், அது அமர்ந்திருந்த பிளாக்குகளில் பெயர்த்தெடுக்க வேண்டிய பக்கம் ஏதும் மிஞ்சாது. சில்லு நேராகத் துடைத்துவிடலாம். சாதனத்துக்குள் நடக்கும் எழுத்துப் பெருக்கம் ஒரு மடங்கை நெருங்குகிறது.

எல்எஸ்எம் மரத்துக்கும் சொந்தச் செலவு உண்டு; அதை மறைத்துப் பேசுவது சரியாகாது. கோப்புகளை அடுக்கடுக்காக, ஒவ்வோர் அடுக்கும் மேலுள்ளதைவிடப் பத்து மடங்கு பெரியதாக வைத்துக்கொண்டால், ஒரு பதிவு ஓர் அடுக்கைக் கடக்கும் முன் பத்து முறை வரை திரும்ப எழுதப்படலாம். மொத்தத்தில் பத்து முதல் முப்பது மடங்கு பெருக்கம் சாதாரணம். ஆனால் இதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்று பார்க்க வேண்டும். 16 கிலோபைட் பக்கங்கள் கொண்ட ஒரு பி-மரத்தில் சிதறிய 20 பைட் மாற்றம் ஒன்று ஒரு முழுப் பக்கத்தை எழுத வைத்தால் அது 800 மடங்குக்கு மேல். மாற்றங்கள் ஒரே பக்கத்தில் நிறைய விழுந்தால் பி-மரம் ஜெயிக்கும். சிதறி விழுந்தால் எல்எஸ்எம் ஜெயிக்கும். தேடும்போது பல கோப்புகளைப் பார்க்க வேண்டியிருப்பது எல்எஸ்எம் மரத்தின் இன்னொரு குறை; 1970-இல் பர்ட்டன் ப்ளூம் கண்டுபிடித்த வடிகட்டி, 'இந்தக் கோப்பில் அது நிச்சயம் இல்லை' என்று கோப்பைத் திறக்காமலே சொல்லி, வீண் தேடலில் பெரும்பகுதியைத் தவிர்க்கிறது. கூகுள் 2011-இல் வெளியிட்ட லெவல்டிபியும், அதை அடியொற்றி ஃபேஸ்புக் 2012-இல் எஸ்எஸ்டிக்கென்றே உருவாக்கத் தொடங்கிய ராக்ஸ்டிபியும் இந்த வழியில் வந்த தரவுத்தளங்கள். ஃபேஸ்புக் தன் முதன்மைத் தரவுத்தளத்தை மைசீக்வல் மென்பொருளின் பி-மர அடித்தளத்திலிருந்து ராக்ஸ்டிபி அடித்தளத்துக்கு மாற்றியபோது சேமிப்பிடத் தேவை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

வேறு வழிகளும் முயலப்பட்டன. சாங்-வான் லீயும் போங்கி மூனும் 2007-இல் சொன்ன யோசனை எனக்கு மிகவும் பிடித்தமானது: ஒவ்வொரு பிளாக்கின் ஓரத்திலும் சிறிது இடத்தைக் காலியாக விட்டுவைத்து, அந்தப் பிளாக்கிலுள்ள பக்கங்களுக்கு வரும் மாற்றங்களை மட்டும் அங்கே சிறு சிறு குறிப்புகளாக எழுதுவது, படிக்கும்போது பக்கத்தையும் குறிப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது. எங்கள் கணக்கர் பக்க ஓரத்தில் எழுதும் திருத்தக் குறிப்புக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. ஆனால் ஒரு பக்கத்தைப் பல தவணைகளில் பகுதி பகுதியாக எழுதும் வசதி இதற்கு வேண்டும். ஒரு செல்லில் ஒரு பிட் வைத்த காலத்தில் அது இருந்தது, பல பிட்டுகள் வைத்த சில்லுகள் அதை அனுமதிப்பதில்லை. ஒரு நல்ல வடிவமைப்பின் அடித்தளத்தையே சில்லுத் தொழிற்சாலையில் நடந்த மாற்றம் உருவிவிட்டது. 2016-இல் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த விஸ்கீ என்ற அமைப்பு இன்னொரு கோணத்தில் யோசித்தது: எல்எஸ்எம் மரத்தில் திரும்பத் திரும்பப் பெயர்த்து எழுதப்படுவதில் பெரும்பகுதி தகவல் உடல்தான், வரிசைப்படுத்தத் தேவைப்படுவதோ அதைத் தேடி எடுக்க உதவும் திறவுச்சொல் மட்டும்தான். ஆகவே திறவுச்சொற்களை மரத்திலும், உடலைத் தனிக் குறிப்பேட்டிலும் வைத்தது. ஹார்டு டிஸ்க்கில் இது தற்கொலைக்குச் சமம், ஏனென்றால் ஒவ்வொரு தகவலுக்கும் முனை வேறிடத்துக்கு நகர வேண்டும். சிதறிய இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் படிக்க வல்ல எஸ்எஸ்டியில் அது ஆதாயமாகிறது.

இத்தனைக்கும் பிறகு ஒரு பெரிய வீண்செலவு மிச்சமிருக்கிறது. மூன்று அடுக்குகளும் ஒரே வேலையை ஒன்றுக்கொன்று தெரியாமல் செய்கின்றன. தரவுத்தளம் குறிப்பேடு எழுதுகிறது; அதற்கடியில் கோப்பு முறைமை தன் குறிப்பேட்டை எழுதுகிறது; அதற்கும் அடியில் சில்லு தன் குறிப்பேட்டை எழுதுகிறது. ஒவ்வொன்றும் தனித்தனியே குப்பை சேகரிக்கிறது. மேலடுக்கு ஒரு கோப்பை நாளை நீக்கப்போகிறது என்பது கீழடுக்குக்குத் தெரியாததால், நாளை சாகப்போகும் பக்கத்தை இன்றிரவு அது கவனமாக வேறிடத்துக்குப் பெயர்த்து வைக்கிறது. சாம்சங் பொறியாளர்கள் உருவாக்கி 2013-இல் லினக்ஸில் சேர்ந்த எஃப்2எஃப்எஸ் கோப்பு முறைமை, விரைவில் மாறும் தகவலையும் நெடுநாள் கிடக்கும் தகவலையும் தனித்தனி இடங்களில் எழுதி இந்தச் சிக்கலை ஓரளவு தணிக்கிறது. 2020-இல் வரையறுக்கப்பட்ட மண்டல முறை எஸ்எஸ்டிகள் இன்னும் வெளிப்படையாக நடந்துகொள்கின்றன: சாதனம் தன்னை மண்டலங்களாகப் பிரித்துக் காட்டி, ஒவ்வொன்றிலும் வரிசையாக மட்டுமே எழுதலாம், அழிப்பதானால் மண்டலம் முழுவதையும் அழிக்கலாம் என்று கணினியிடம் நேரடியாகச் சொல்லிவிடுகிறது. தட்டு போல நடிப்பதை நிறுத்திவிட்டு உண்மையைச் சொல்லும் சாதனம்தான் நல்ல தரவுத்தளத்துக்கு உகந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

மலையில் வாழ்பவர்களுக்கு மின்வெட்டைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். தரவுத்தளம் 'சேமித்தாயிற்று' என்று சொன்ன பிறகுதான் எங்கள் கருவி ரசீது அச்சிடும். விவசாயி கையில் ரசீது போன பிறகு கணக்கு மறையக் கூடாது. ஆனால் எழுதச் சொன்ன தகவல் சாதனத்தின் தற்காலிக நினைவகத்தில் இருக்கும்போதே மின்சாரம் போகலாம். தரமான சர்வர் எஸ்எஸ்டிகளில் மின்தேக்கிகள் இருக்கும். அவை தரும் சில மில்லி வினாடி மின்சாரத்தில் சாதனம் கையிலுள்ளதை எழுதி முடித்துவிடும். மலிவானவற்றில் அது இருக்காது. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகமும் ஹெச்பி ஆய்வகமும் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஓடிக்கொண்டிருக்கும் 15 எஸ்எஸ்டிகளின் மின்சாரத்தைத் திரும்பத் திரும்பத் துண்டித்துப் பார்த்தபோது, 13 சாதனங்கள் ஏதாவதொரு வகையில் தவறி நடந்தன. பல பிட் செல்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு: ஒரே செல் வரிசையை இரண்டு பக்கங்கள் பகிர்ந்துகொள்வதால், இரண்டாவது பக்கத்தை எழுதும் பாதியில் மின்சாரம் போனால், என்றோ பத்திரமாக எழுதி முடித்த முதல் பக்கமும் கெடலாம். தட்டுக் காலத்துத் தரவுத்தளம் இப்படியொரு சேதத்தை எதிர்பார்த்ததே இல்லை; தான் தொடாத பக்கம் கெடாது என்பது அதன் அடிப்படை நம்பிக்கை.

பாதி எழுதிய பக்கத்திலிருந்து தப்பிக்க மைசீக்வலின் பி-மர அடித்தளமான இன்னோடிபி ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் ஒரு தனி இடத்திலும் பிறகு உரிய இடத்திலுமாக இரண்டு முறை எழுதுகிறது. போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளம், குறிப்பேட்டில் உள்ள மாற்றங்கள் உரிய இடத்தில் ஏறிவிட்டதை உறுதி செய்யும் ஒவ்வொரு சோதனைப் புள்ளிக்குப் பிறகும் ஒரு பக்கம் முதன்முறை மாறும்போது அதன் முழு உருவையும் குறிப்பேட்டில் சேர்க்கிறது. இரண்டும் தேய்மானத்தைக் கூட்டுகின்றன. ஃபிளாஷில் இந்த இரட்டைச் செலவே தேவையற்றது என்பதை எண்ணும்போது ஆதங்கமாக இருக்கிறது. சில்லு எப்படியும் புதிய பக்கத்தை வேறிடத்தில்தான் எழுதுகிறது. பழைய உரு அப்படியே கிடக்கிறது. முகவரிப் பட்டியலை மாற்றும் கணம் வரை எதுவும் இழக்கப்படவில்லை. 'இதை முழுதாக எழுது, இல்லையேல் எழுதாதே' என்று தரவுத்தளம் சொல்லவும் சில்லு உறுதி தரவும் ஒரு வழி இருந்தால் போதும். ஃபியூஷன்-ஐஓ நிறுவனத்தின் சாதனங்கள் அந்த உறுதியைக் கொடுத்தபோது, மரியாடிபி தரவுத்தளம் அவற்றில் இரட்டை எழுத்தை நிறுத்திவைக்க வசதி செய்தது.

படிப்பது பற்றிச் சொல்ல அதிகமில்லை. சிதறிப் படிப்பதற்கும் வரிசையாகப் படிப்பதற்கும் இடையிலிருந்த பெரும்பள்ளம் ஏறக்குறைய தூர்ந்துவிட்டது. போஸ்ட்கிரஸ் இன்றும் சிதறிய பக்கத்தைப் படிக்கும் செலவை வரிசைப் பக்கத்தைப்போல் 4 மடங்கு என்ற இயல்பான மதிப்போடுதான் வருகிறது. எஸ்எஸ்டி வைத்திருப்பவர்கள் அதை 1.1 அளவுக்கு இறக்கினால் இன்டெக்ஸ்கள் ஒழுங்காகப் பயன்படும். பக்கத்துப் பக்கங்களையும் சேர்த்து எழுதும் இன்னோடிபியின் பழைய பழக்கம் மைசீக்வல் 8.0-இல் இயல்பாகவே அணைக்கப்பட்டுவிட்டது. ஒரே நேரத்தில் பல கோரிக்கைகளை அனுப்பினால்தான் எஸ்எஸ்டிக்குள் இருக்கும் பல நினைவகச் சில்லுகளும் வேலை செய்யும் என்பதை மட்டும் மனத்தில் வைக்க வேண்டும்.

சேமித்தது எவ்வளவு காலம் நிற்கும் என்பது வேறு கேள்வி. சிறைப்பட்ட எலக்ட்ரான்கள் மெல்லக் கசிகின்றன. வெப்பம் கூடினால் கசிவும் கூடும். சில்லுத் தொழிலின் தர அமைப்பான ஜெடெக்கின் தரநிலைப்படி, ஆயுள் முழுவதும் எழுதித் தேய்ந்த ஒரு சாதாரண எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தகவலைக் காத்தால் போதும்; சர்வர் வகைக்கு 40 டிகிரியில் மூன்று மாதம். பழனி மலையில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் எடுக்கப்பட்ட சூரியனின் ஒளிப்படத் தகடுகள் நூறாண்டு கடந்தும் படிக்கும் நிலையில் இருந்ததால்தான் அவற்றை எண்முறைக்கு மாற்ற முடிந்தது. ஒரு முறை எழுதிப் பலமுறை படிக்கும் அத்தகைய தொகுப்பு ஃபிளாஷைத் தேய்க்காது. ஆனால் மின்சாரத்தைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டுத் தகட்டைப்போல நம்பியிருக்க முடியாது.

எங்கள் கருவியில் நான் செய்த மாற்றங்கள் சிறியவை. தராசு அனுப்பும் அலைபாயும் எண்களை இப்போது நினைவகத்தோடு நிறுத்திவிடுகிறேன். முள் நிலைத்து, கணக்கர் பொத்தானை அழுத்திய எடை மட்டும் தரவுத்தளத்துக்குப் போகிறது. நாளுக்கு 300 மூட்டை என்றால் 18,000 பரிவர்த்தனைகள் இருந்த இடத்தில் 300. விவசாயியின் மொத்தம் என்ற வரியை எங்கும் சேமிப்பதில்லை. கேட்கும்போது பதிவுகளைக் கூட்டிச் சொல்கிறது, அதற்குக் கண்ணிமைக்கும் நேரம் போதும். எடை தவறினால் பழைய பதிவு அப்படியே இருக்க, அதை ரத்து செய்யும் பதிவும் புதிய பதிவும் அடுத்தடுத்துச் சேர்கின்றன. எஸ்கியூலைட்டை, 2010-இல் அதில் சேர்ந்த முன்னெழுத்துக் குறிப்பேட்டு முறைக்கு மாற்றினேன். அதில் மாற்றங்கள் ஒரு கோப்பின் கடைசியில் சேர்ந்துகொண்டே போய், பிறகு மொத்தமாகப் பேரேட்டில் ஏறும். அந்த முறையில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் சாதனம் எழுதி முடித்ததை உறுதி செய்யாமல் விட்டால் வேகமும் ஆயுளும் இன்னும் கூடும், தரவுத்தளமும் கெடாது, ஆனால் மின்வெட்டில் கடைசிச் சில மூட்டைகள் மறையலாம். அதற்கு நான் இணங்கவில்லை. ரசீது கொடுத்த மூட்டை கணக்கில் இருந்தாக வேண்டும்.

கார்டுக்குப் பதிலாக, பலகையிலேயே பொருத்தப்பட்ட இஎம்எம்சி நினைவகம் உள்ள கருவியை வாங்கினோம். அது தன் தேய்மானத்தைப் பத்துப் பத்து சதவீதப் படிகளாகத் தானே சொல்லும். மாதக் கடைசியில் அந்த எண்ணைப் படித்துக் கணக்கரிடம் சொல்கிறேன். அவர் இலைக் கணக்கின் மாத மொத்தத்துக்குக் கீழே, மையால், அதையும் ஒரு வரி எழுதிக்கொள்கிறார். இரண்டு பருவமழை கடந்து, இன்னும் முதல் படியிலேயே நிற்கிறது.